இரவல் மூக்கு

மாப்பிள்ளையின் அம்மா டப்பாவைப் பார்த்துவிட்டு, "காபித்தூள்" என்றார்.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லணும்மா" என்றேன்.

மூடிக்கொண்டார். ஒரு பக்க மூக்கை விரலால் அழுத்தச் சொல்லி, மறுபக்கத்தில் கிராம்பு டப்பாவைக் காட்டினேன். "காபித்தூள்தான். நல்ல தூள்" என்றார். சோப்பைக் காட்டினேன். அதற்கும் காபித்தூள். கடைசியில் ஒன்றுமே இல்லாத டப்பாவை நீட்டினேன். இழுத்து மூச்சு விட்டு, கொஞ்சம் யோசித்து, "இது வேற கடைத் தூளோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அது அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

என் பெயர் அமலோற்பவம். திருச்சியில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது பெண் பார்க்கும் வீடுகளுக்குப் போகிறேன். நரம்புக்காரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். பெண்ணின் நெற்றியில் ஒரு பட்டை, மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் ஒரு பட்டை. மாட்டிவிட்டால், பெண் பார்ப்பதை அந்த அம்மா பார்ப்பார், பெண் கேட்பதைக் கேட்பார், பெண்ணின் மூக்குக்கு வருவது அவருக்கும் வரும். ஒரு மணி நேரம். இதற்கு 'மூணு நரம்பு பார்க்கிறது' என்று பெயர்.

எங்கோ ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு ஒரு காது கேட்காததை மறைத்துவிட்டார்களாம். அதிலிருந்து ஆரம்பித்தது. மாப்பிள்ளைகளுக்கு இரண்டு காதும் கேட்கும் என்பது ஐதீகம். பட்டையைத் திருப்பி மாட்டி, மாப்பிள்ளையின் கண்ணையும் மூக்கையும் நாங்களும் ஒரு தடவை பார்க்கிறோமே என்று கேட்ட பெண் வீட்டார் உண்டு. "அது வழக்கம் இல்லையே" என்று பதில் வரும். பட்டையே நேற்றுதான் வந்தது, அதற்குள் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அன்றைக்கு உறையூரில் நடேசன் என்பவர் வீடு. பெண்ணின் பெயர் சஹானா. வாசலிலேயே நடேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், இது மூணாவது எடம். நல்லபடியா மாட்டிவிடுங்க" என்றார். என்னவோ நான் பூ வைத்துவிடுகிற ஆள் மாதிரி.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று நரம்பு பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லத் தேவையில்லை. காரணத்தைத் தெருவே கண்டுபிடித்துக்கொள்ளும். முதலில் வந்தவர்கள் போனதும், பெண் பேச்சுக்கு நடுவே ஃபேனையே பார்த்தாளாம், பிடிப்பே இல்லையாம் என்று பேசினார்கள். இரண்டாவது இடம் போனதும், தட்டைத் தூக்கும்போது தள்ளாடினாளாம், எட்டாவது நரம்பில் கோளாறாம் என்றார்கள். மூன்றாவதும் வேண்டாம் என்றால் பெண்ணுக்கு நரம்பே இல்லை என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் எந்த இடமும் வராது. சஹானாவுக்கு மூன்று நரம்பும் முதல் தரம். பட்டை மாட்டுமுன் அவளைச் சோதித்தவள் நான்தான். என்னை யார் கேட்டார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா பெயர் மங்களநாயகி. உள்ளறையில் கை வைத்த நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தேன். பெண்ணின் நரம்பிலிருந்து வாங்குகிறவர் தனி அறையில், கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பெண்ணின் கண் வழியே தன்னையே பார்த்துவிட்டால் தலை சுற்றி விழுந்துவிடுவார்கள்.

"இதுல அவ மனசுல நெனைக்கிறதெல்லாம் தெரிஞ்சிடுமா மேடம்?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா. தலைக்குள்ள பன்னெண்டு ஜோடி நரம்பு இருக்கு. சிலது கண்ணத் திருப்பு, நாக்க நீட்டுன்னு வெளிய உத்தரவு போடும். சிலது ரெண்டு வேலையும் பாக்கும். வெறுமனே உள்ள கொண்டுவர்றது மட்டும் மூணுதான். ஒண்ணாவது வாசனை. ரெண்டாவது பார்வை. எட்டாவது காதும், நாம தள்ளாடாம நிக்கிறதும். இந்த மூணை மட்டும்தான் தொடலாம்னு சட்டம். வர்ற வழிதானே, அதுல சொந்த அபிப்பிராயம் எதுவும் இருக்காதுன்னு."

"அப்ப நல்லது" என்றார். "என் மாமியார் என்னைப் பாக்க வந்தப்ப நான் நெனச்சது தெரிஞ்சிருந்தா, கல்யாணமே நடந்திருக்காது."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. காபித்தூள் விஷயத்தை மெதுவாக எடுத்தேன்.

"எப்பருந்தும்மா மோப்பம் இல்ல?"

கதவைப் பார்த்தார். "என் பையன் ஹரீஷ் ஸ்கூல்ல படிக்கும்போது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். பின்மண்டைல அடி. தைலம் மட்டும் சுள்ளுனு தெரியும்."

"அது அஞ்சாவது நரம்பு. எரிச்சலைச் சொல்லும், வாசனையைச் சொல்லாது."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். ஹரீஷுக்கு மட்டும்தான் தெரியும். என் தம்பிக்குக்கூடத் தெரியாது. மோப்பம் இல்லாதவ சமையல யார் சாப்பிடுவா? சாம்பார் ஊசிப்போனா, பால் திரிஞ்சா அவன்தான் சொல்லுவான். நல்ல பிள்ளை."

பாத்ரூமில் வழுக்கினேன் என்பவர்களை நான் குறுக்கு விசாரணை செய்வதில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். "மூக்குக்கு மேல சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கும்மா. வாசனை நரம்பு நூல் நூலா அந்த ஓட்டை வழியா மேல போகும். பின்மண்டைல அடி விழுந்தா மூளை குலுங்கி அந்த நூலெல்லாம் அறுந்துடும். திரும்ப முளைக்கத்தான் பாக்கும். ஓட்டை தழும்பாகி அடைச்சுக்கும்."

"அப்ப எனக்கு ரெண்டு நரம்புதானா?"

"இல்ல. அறுந்தது சல்லடைக்குக் கீழ. பட்டை வேலை செய்யறது மேல. உங்க மூக்குலருந்து வராது. அந்தப் பொண்ணு மூக்குலருந்து வரும்."

"நிஜமாவா?" என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் மருமகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பட்டையை மாட்டினேன். சஹானா சமையலறையில் காபித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மங்களநாயகியம்மா "ஐயோ" என்றார். மின்சாரம் ஏதாவது எகிறிவிட்டதா என்று பெட்டியைப் பார்த்தேன். திரையில் மூன்று கோடுகளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. "ஐயோ, காபி! ஐயோ, மேடம், டிகாக்ஷன் மேடம்!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. "மல்லிப்பூ வெச்சிருக்கா. பின்னாடி வருது. நெய்... கேசரில நல்லாத்தான் ஊத்திருக்காங்க. இது என்ன... பினாயில்! காலைல தரை துடைச்சிருக்காங்க. பினாயில்கூட எவ்ளோ நல்லா இருக்கு!"

சஹானா கூடத்தில் குனிந்து எல்லாருக்கும் காபி கொடுத்தாள். அவள் குனிந்தபோதெல்லாம் இந்த அம்மாவும் நாற்காலியோடு முன்னால் சாய்ந்தார். எட்டாவது நரம்பு அப்படித்தான். கேட்பதும் சாய்வதும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். ஒன்றை மட்டும் காலி பண்ணச் சொல்ல முடியாது. தோளைப் பிடித்துக்கொண்டேன். பெண் யாரைப் பார்க்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று கவனிக்க வேண்டியவர், "அந்தப் பொண்ணக் கொஞ்சம் பூஜை ரூம் பக்கம் போகச் சொல்லுங்க மேடம், கற்பூரம் இருக்கும்" என்று என்னிடம் கெஞ்சினார்.

அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் தர்மராஜ், "பையனும் பொண்ணும் தனியா ஒரு வார்த்தை பேசட்டுமே" என்றார். இருவரும் பால்கனிக்குப் போனார்கள். தனியாக என்பது பேச்சுக்கு. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்த நேரத்தில் மாப்பிள்ளைகள் சொக்கத் தங்கமாகப் பேசுவார்கள்.

ஹரீஷும் பேசினான். அம்மாதான் எனக்கு எல்லாம் என்றான். வேலைக்குப் போவது உங்கள் இஷ்டம் என்றான். பேசுகிறபோது பெண்ணின் பக்கத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது இந்த அம்மாவின் முகத்தை.

"இது என்ன?" என்றார்.

திரையில் முதல் கோடு, வாசனைக் கோடு, உயர்ந்து, சட்டென்று தரையோடு படுத்தது. அங்கே பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எவ்வளவு நேரம்தான் பிடிப்பாள்? மறுபடி உயர்ந்தது.

"பிராந்தி" என்றார் மங்களநாயகியம்மா. காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார். "கிராம்பு மென்னுருக்கான். அவங்கப்பாவும் கிராம்புதான் மெல்லுவாரு."

நான் திரையைப் பார்த்தேன்.

"நான் கடைசியா மோந்த வாசனை இதுதான் மேடம். இதோட நின்னுச்சு. இப்ப இதுலதான் வந்து நிக்குது." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வழுக்கல" என்றார். "அவர் தள்ளினாரு."

பால்கனியில் ஹரீஷ் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"சம்மதம்ங்கறாளே! அவளுக்கும் இந்த வாடை வந்துச்சுல்ல?"

"உங்களுக்கு வந்ததே அவளுக்கு வந்ததுதானேம்மா."

"அப்புறம் எதுக்குச் சரின்னா?"

"இது அவங்களுக்கு மூணாவது எடம். நீங்க வேண்டாம்னு எந்திரிச்சாலும் பழி அவ மேலதான் விழும். அவளே வேண்டாம்னாலும் அவ மேலதான். வேற என்ன சொல்லுவா?"

கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "ராத்திரி சாப்பாட்டோட சீரகத் தண்ணின்னு ஒண்ணு குடிப்பான். ஜீரணத்துக்காம். கலரும் அப்படித்தான் இருக்கும். என் முன்னாடியே உக்காந்து குடிப்பான். நான்தான் டம்ளர எடுத்துக் குடுப்பேன்."

கூடத்திலிருந்து தர்மராஜின் குரல் வந்தது. "என்னக்கா, பூ வெச்சிடலாமா?"

"எந்திரிக்கப் போறேன்" என்றார். பார்வைக் கோட்டையும் காதுக் கோட்டையும் அணைத்தேன். இல்லாவிட்டால் நடக்கும்போது விழுவார். மிச்சமிருந்த வாசனைக் கோட்டுக்குக் கை போனபோது தடுத்தார். "மூக்க விட்டுருங்க. நேரம் இருக்குல்ல?"

நேரம் இருந்தது. ஆனால் விதிப்படி அப்படி விடக் கூடாது. விட்டுவிட்டேன்.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஹரீஷ் சிரித்த முகத்தோடு நின்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். நடேசன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வேண்டிக்கொள்கிறாரா கும்பிடுகிறாரா தெரியவில்லை.

"பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் மங்களநாயகியம்மா. "மூணு நரம்பும் தங்கம். இத நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். என் பையன் குடிக்கிறான். இப்பவும் குடிச்சிருக்கான். நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்."

இப்படி ஒரு பேச்சை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. தர்மராஜ் "அக்கா!" என்றார்.

ஹரீஷுக்குச் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "என்னம்மா ஒளர்ற? உனக்குத்தான் மூக்கே கிடையாதே!" என்றான். அவசரத்தில் வந்துவிட்டது.

"கிடையாதுதான். இது இந்தப் பொண்ணோடது."

"மூக்கு கிடையாதா?" என்றார் தர்மராஜ். "அப்ப இத்தன பொங்கலுக்கு உன் வீட்ல நான் சாப்பிட்டதெல்லாம்?"

நடேசன் வாயைத் திறந்தார், மூடினார். அவரால் முடியவில்லை. எத்தனை நாளாகச் சம்மதம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்த மனுஷன்! சஹானாதான் சொன்னாள்.

"எங்களுக்கு இந்த எடம் வேண்டாம்."

சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஹரீஷ் தன் அம்மாவிடம் மெதுவாக, "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான். அதை அவன் மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கீழே போய் காரைக் கிளப்பினான். தர்மராஜ் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வாக்கா, கார்ல சமாதானமாப் பேசிக்கலாம்" என்றார்.

"நீ போ. நான் பஸ்ல வர்றேன்."

கார் போய்விட்டது. மங்களநாயகியம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையில் பெண்ணின் அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். மிச்சமான கேசரி முழுவதற்கும் அந்தச் சத்தத்தில் பங்கு இருந்தது. நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்; இருவர் நெற்றியிலிருந்தும் பட்டையை இன்னும் கழற்றவில்லை.

சஹானா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் இந்த அம்மாவின் பக்கத்தில் வந்தது அப்போதுதான் முதல் தடவை. இந்த அம்மா சொம்பை வாங்கி, வாயருகே கொண்டுபோய், நிறுத்திவிட்டார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவன் போயிட்டான்ல?"

"போயிட்டாரு" என்றாள் சஹானா.

"இன்னும் வருதே."

சஹானா என்னைப் பார்த்தாள். ஓரடி பின்னால் போனாள். இந்த அம்மாவின் முகம் மாறியது. "குறையுது" என்றார். "இங்க வா." வந்தாள். மங்களநாயகியம்மா தன் முந்தானையைத் தூக்கித் தன் மூக்கில் வைத்து இழுத்தார். அந்த மூக்கில் என்ன வரும்? பிறகு முந்தானையை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"மோந்து பாரும்மா."

"வேண்டாம் அத்தை."

"பாரு."

சஹானா குனிந்து மோந்தாள். இந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் திறக்கவில்லை.

"புடவைல மட்டுமா?"

"தலமுடிலயும் இருக்கு அத்தை" என்றாள் சஹானா, அழுகிற குரலில்.

"ஒரே மெஷின்லதான் துவைக்கிறேன். அவன் போர்வை, என் புடவை எல்லாம். கீழ கொட்டினா நான்தான் துடைப்பேன். சீரகத் தண்ணிதானேன்னு முந்தானைலயே துடைப்பேன்." தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். "கோயில்ல நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சுப் போவாங்க. எதிர்வீட்டுப் பொண்ணு பேச்ச நிறுத்திட்டா. புருஷன் இல்லாதவங்கறதாலன்னு நெனச்சேன்."

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "இவ்ளோ நேரம் பக்கத்துலதான இருந்தீங்க. உங்களுக்கும் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சும்மா."

"என்னன்னு நெனச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னவோ வரவில்லை. "உங்களுக்குத்தான் பழக்கம்னு நெனச்சேன்" என்றேன்.

"சொல்லலியே?"

"யாரும் சொல்ல மாட்டாங்கம்மா."

தலையை ஆட்டினார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சமையலறையில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. பெண்ணின் அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"குளிக்கணும்" என்றார் மங்களநாயகியம்மா. "இங்க குளிச்சுக்கலாமா?"

பெண்ணின் அம்மா உள்ளே போய் ஒரு பருத்திப் புடவை, துண்டு, ஷாம்பு எல்லாம் எடுத்துவந்து வைத்தார். "வெந்நீர் போட்டுட்டேன். குழாய் அந்தப் பக்கம்" என்றார்.

பட்டை நனையக் கூடாது. கழற்றி வாங்கிக்கொண்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நடேசன் மகள் தலையில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. போகவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். வேறு யாருடைய புடவையிலோ, வேறு யாரோ மாதிரி இருந்தார். நெற்றியைக் காட்டினார். பட்டையை மாட்டி, முதல் கோட்டை மட்டும் போட்டேன். குனிந்து, ஈர முடியைச் சஹானாவிடம் நீட்டினார்.

சஹானா மோந்தாள். "போயிடுச்சு அத்தை" என்றாள் உடனே. "ஷாம்பு வாசனைதான் வருது. சுத்தமாப் போயிடுச்சு."

மங்களநாயகியம்மா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார்.

"பொய் சொல்லாத. உன் மூக்கு சொல்லுதே, அடில இன்னும் இருக்குன்னு."

பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இன்னொரு தடவ ஊத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.